மூத்த கைகளும் புதிய திரையும்

கேள்வி: எங்கள் கடைக்கு இ-இன்வோய்ஸ் வந்துவிட்டது. மூத்த ஊழியர்களை எப்படிப் பழக்குவது?
– வாசகர், ஈப்போ

பதில்: தோட்டத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பரும் ஒருகாலத்தில் புதுத் தொழில்நுட்பம்தான். மரம் சாகாமல் பாலெடுக்கும் வழியை 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி வகுத்தார். ஆழ வெட்டினால் மரத்துக்குக் காயம். மேலாகச் சீவினால் பால் மங்கு காலி. அந்த நுட்பம் நம்மவர்களுக்குச் சொற்பொழிவு கேட்டு வரவில்லை, உளி பிடித்து வந்தது. அதேபோல், மௌஸை ஊழியரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். வேலை நேரத்திலேயே பழக்குங்கள். 10 மலேசிய ஊழியர்களுக்குக் குறையாத நிறுவனம் சம்பளத்தில் 1% மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்.ஆர்.டி. கோர்ப்புக்குக் கட்டுகிறது, அது பயிற்சிக்கான பணம், கேட்டு வாங்குங்கள். தவறினால் திட்டாதீர்கள், பயந்த விரல் எந்தப் பொத்தானையும் தொடாது!