கொப்பி முந்தி, தப்பு பிந்தி

என்னடா பேராண்டி, மண்சரிவு நிதிக்கு இசைக்கச்சேரி வைக்கப் போறியாமே? கிட்டாருக்கு நாலு பேரு, டிரம்முக்கு ரெண்டு பேரு, பொகை விட ஒரு மெசினு. அதையெல்லாம் அப்படியே பதிஞ்சு ஆல்பமும் போடுவியாம். நல்லது. ஹல்துமுல்லை மலையே ஆடட்டும். வேணாம் வேணாம், அது ஆடினா என்னா ஆகும்னு நமக்குத் தெரியும்.

இதென்ன நீ கண்டுபுடிச்ச வித்தையா? 1971 ஆகஸ்ட் 1ஆம் தேதியே நியூயோர்க் மெடிசன் ஸ்குவேர் கார்டன்ல பீட்டில்ஸ் பாட்டுக் கோஷ்டியில இருந்த ஜோர்ஜ் ஹரிசன் செஞ்சு முடிச்சிட்டாரு. சித்தார் ரவிசங்கர்தான் கேட்டது. கிழக்குப் பாகிஸ்தான்ல, அதான் இப்ப பங்களாதேஷ், 1970ல சூறாவளி, அடுத்த வருஷம் சண்டை. சனங்க லட்சக்கணக்கில இந்தியாவுக்கு ஓடி வந்திச்சு. அதுங்களுக்கு ஏதாச்சும் செய்யணும்னாரு.

உடனே ஒரு பெரிய கோஷ்டி சேந்திச்சு. எரிக் கிளாப்டன், பொப் டிலன், பில்லி பிரஸ்டன், லியோன் ரசல். டிரம்முக்கு ரிங்கோ ஸ்டார் ஒருத்தர் போதாதா? பக்கத்துல இன்னொருத்தரு. ஊதுறதுக்கு ஒரு கூட்டம், பின்பாட்டுக்கு ஒரு கூட்டம். ஒரே நாள்ல ரெண்டு ஆட்டம், பாத்தது 40,000 பேரு.

ரவிசங்கர் சித்தாருக்குச் சுதி சேத்து முடிச்சதும் சனம் கை தட்டிச்சாம்! சுதிக்கே இவ்வளவுன்னா வாசிப்பும் புடிக்கும்னு நம்புறேன்னு மனுசன் சொன்னாரு. நம்ம காமன் கூத்துல நெருப்புல தப்பக் காய்ச்சும்போது எவனாச்சும் கை தட்டியிருக்கானா? காசு குடுத்து உள்ள போனா எல்லாமே சங்கீதந்தான் போல.

அந்தக் கைதட்டலும் சேத்து, மூணு தட்டு, ஒரு பெட்டின்னு ஆல்பம் வந்திச்சு. 1973ல கிராமி விருதும் வாங்கிச்சு. சரி, காசு?

டிக்கெட்டுல வந்த 243,418 டாலர் யுனிசெப்புக்குப் போச்சு. ஆல்பத்துக் காசுதான் மாட்டிக்கிச்சு. காசு யுனிசெப்புக்குத்தான்னு கச்சேரிக்கு முன்னாடியே எழுத்துல பதியல. வரிக்காரன் புடிச்சு வச்சுக்கிட்டான். வருஷக்கணக்கா இழுத்திச்சு. மேடையேறுனவங்க மனசுல குத்தமில்ல. ஆனா பசிச்ச வயிறு வருஷக்கணக்காப் பொறுக்குமா?

அவ்வளவு தூரம் எதுக்கு? 2014 ஒக்டோபர் 29 காலையில நம்ம ஹல்துமுல்லைப் பக்கம் மீரியபெத்தையில லயத்து மேலயே மலை எறங்கிச்சு. எடம் ஆபத்துன்னு முன்னாடியே சொன்னாங்க. போறதுக்கு எடம் யாரு காட்டினா? தப்பிச்சவங்களுக்குப் புது வீட்டுச் சாவி கெடைக்க 2016 ஆச்சு. அதுவரைக்கும் பழைய தேயிலை ஸ்டோருல கெடந்த சனம், உன் கிட்டாருக்கு எத்தனை கம்பின்னா கேட்டிச்சு?

அதனால கேளு. முதல்ல பேங்குல தனிக் கணக்கு தெற. ரெண்டு பேரு கையெழுத்து வை, அதுல ஒண்ணு உன் கூட்டாளியா இருக்கக் கூடாது. யாருக்கு, எதுக்கு, எப்போன்னு எழுதி பிரதேச செயலகத்துல காட்டு. மேடை, கரண்டு, பொகை மெசினு, உங்க பிரியாணி, எல்லாச் செலவையும் கொப்பியில எழுதி, கோயில் சுவத்துல ஒட்டு. பொகை மெசினு மட்டும் வேணாம்டா. நம்ம ஊருல மூடுபனி சும்மாவே கெடைக்குது.

அப்புறம் ஆடு, பாடு. எனக்கும் ஒரு டிக்கெட்டு வை, காசு தாறேன். ரசீது கிழிச்சுக் குடுத்தாத்தான் வருவேன்.