பெருவிடையார்

தஞ்சாவூரில் கோயில் கொண்டிருப்பவர் பெருவுடையார். எங்கள் தெருவில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கையில் கம்புக் கிண்ணத்தோடு நிற்பவர் பெருவிடையார். அவருக்கு எதிரே ஒரே ஒரு நந்தி. இவருக்கு எதிரே, பின்னே, வண்டி சீட்டின் மேல், துணி காயும் கொடிக்குக் கீழே என்று எங்கும் கோழி.

இப்படி ஒருவர் ஆலங்குடிப் பக்கம் மட்டும்தான் இருக்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். இலுப்பூரில் ஒருவர் உண்டு, பொன்னமராவதியில் ஒருவர் உண்டு. கறம்பக்குடியில் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. சிங்கப்பூரில் வெல்டிங் வேலை பார்த்துத் திரும்பியவராகவோ, வாத்தியார் வேலையில் ஓய்வு பெற்றவராகவோ இருப்பார். கூடத்துச் சுவரில் பேரன் பேத்தி படம் ஒன்று, சேவல் படம் நான்கு. பேச்சில் மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை 'ஒரிஜினல்' வரும். போனில் நலம் விசாரிப்பதற்கு முன் கால் நிறம் விசாரிப்பார்.

எங்கள் அண்ணன் சிங்கப்பூர் வகை. ஊர் திரும்பியதும் எல்லாரும் போல மாடி வீடு கட்டினார். மாடியில் இப்போது குஞ்சுகள் இருக்கின்றன. ஆட்கள் கீழே.

கோழி பார்க்க வருகிறவர்களுக்கு அவர் வீட்டில் முதலில் பாடம், பிறகுதான் காபி. பெட்டை அடை காத்துக் குஞ்சு வளர்த்து வீட்டோடு கிடப்பது சிறுவிடை. நாலைந்து கிலோ எடையில் நெஞ்சு நிமிர்த்தி நிற்பது பெருவிடை. கொண்டையைக் கொண்டை என்று சொன்னால் முகம் சுளிப்பார். அது பூ. கத்திப்பூவா, மத்திப்பூவா, குருவிப்பூவா, தவக்களைப்பூவா என்று எட்ட நின்றே சொல்லத் தெரியாதவன் கோழி வாங்க வரக்கூடாது. நிறமும் நம் கண்ணில் படுகிற நிறம் இல்லை. கறுப்பு என்றால் அது காகம். மற்றவை கீரி, வல்லூறு, மயில், செவலை. நான் ஒருதரம் "இந்தச் செகப்புச் சேவல் நல்லாருக்குண்ணே" என்று சொல்லிவிட்டேன். என் அப்பா பெயரைத் தப்பாகச் சொன்னது மாதிரி என்னைப் பார்த்தார்.

"நான் சண்டைக்கு வளர்க்கலப்பா, வம்சத்துக்கு வளர்க்கிறேன்" என்பது அவர் வாசகம். உண்மைதான். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தை யாரும் கேட்காமலே எடுத்துச் சொல்வார். சட்டம் சேவல்களுக்குத்தான் தெரியாது. பைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு வல்லூறு நடத்திய போரில் கண்ணாடிக்குத்தான் தோல்வி. அன்றிலிருந்து அந்தத் தெருவில் நிறுத்தும் வண்டிகளின் கண்ணாடிகளுக்கெல்லாம் அவர் பேரனின் பழைய பள்ளிக்கூட சாக்ஸ் மாட்டப்பட்டிருக்கும். கூரியர்காரர் ஒருவர் இது ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து வண்டியைத் தொட்டுக் கும்பிட்டதை நானே பார்த்தேன்.

பழம்பெருமை பேசவும் அவருக்குச் சரக்கு உண்டு. உறையூரில் யானையை ஒரு கோழி எதிர்த்து விரட்டியதாகவும், அதனால்தான் அந்த ஊருக்குக் கோழியூர் என்றே பேர் வந்ததாகவும் கதை இருக்கிறதல்லவா? அந்தக் கோழி பெருவிடைதான் என்பதில் அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை. "சிறுவிடை எப்படிய்யா யானையை வெரட்டும்?" என்று கேட்பார். எதிர்வாதம் செய்ய நம்மிடம் என்ன இருக்கிறது? விராலிமலை முருகனுக்குக் கொடியில் சேவல், வாகனம் மயில். அங்கே மயில் மலையடிவாரமெல்லாம் திரிகிறது, அதற்குச் சரணாலயம் வைத்திருக்கிறார்கள், கொடியில் இருக்கிறவனை யாரும் கண்டுகொள்வதில்லை என்ற வருத்தமும் அவருக்கு உண்டு.

இத்தனை வம்சம் கொழிக்கும் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ன குழம்பு என்று கேட்டால் சொல்ல வெட்கப்படுவார்கள். பிராய்லர். கடையில் வாங்கி, கறுப்புக் கவரில் மறைத்து, கொல்லைப் பக்கமாக வரும். காரணம் எளிது. அந்த வீட்டில் ஒவ்வொரு கோழிக்கும் ஒன்று வம்சம் இருக்கும், இல்லாவிட்டால் பெயர் இருக்கும். வம்சம் உள்ளதை அண்ணன் அறுக்க விடமாட்டார். பெயர் உள்ளதைப் பிள்ளைகள் விடமாட்டார்கள். பூ கோணலாகி, கால் நிறம் தவறி, "இது கழிப்பு, கறிக்குப் போடு" என்று அவர் தீர்ப்பு எழுதுவதற்குள் பேத்தி அதற்கு ஒரு பெயர் வைத்து மடியில் போட்டுக்கொண்டிருப்பாள். பெயர் வைத்ததைத் தின்னக்கூடாது என்பது அவள் சட்டம். அப்படித் தப்பிய கீரிச் சேவல் ஒன்றுக்குப் பெயர் ஹெச்.எம். சார். நடை அப்படி. அது காலை மூன்றரைக்கு மணி அடிக்கும்.

ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கும் தங்கச்சி மகள் லீவுக்கு வந்திருந்தபோது இந்தக் குழம்பைத் தொட்டு ஒரு பேச்சு வந்தது. "பிராய்லரெல்லாம் ஒரு கோழியா, தகப்பன் பேர் தெரியாத ஜென்மம்" என்று அண்ணன் வழக்கம்போல ஆரம்பித்தார். அவள் எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "தெரியும் மாமா. நம்ம பெருவிடையெல்லாம் அசில் கூட்டம்தானே? அந்த அசிலைத்தான் வெள்ளைக்காரன் கார்ன்வாலுக்குக் கொண்டுபோய் அங்க உள்ள கோழியோட கலந்து கார்னிஷ்னு ஒரு இனம் உண்டாக்கினான். அந்தக் கார்னிஷையும் பிளைமவுத் ராக்குங்கிற வெள்ளைக் கோழியையும் சேர்த்து வந்ததுதான் பிராய்லர். நீங்க தட்டுல வச்சிருக்கிறது உங்க காகத்துக்குப் பங்காளி." அண்ணன் கையில் இருந்த துண்டைக் குழம்பிலேயே திருப்பி வைத்தார். அண்ணன் மனைவி, எங்கள் அத்தாச்சி மட்டும், "பங்காளின்னா இன்னுங் கொஞ்சம் போடு" என்று தட்டை நீட்டினார்.

முட்டை நிலவரம் இன்னும் மோசம். நாமக்கல் பண்ணைக் கோழி வருஷத்துக்கு முந்நூறு முட்டை போடுகிறது. இவருடைய பெட்டைகள் ஐம்பது அறுபது போட்டால் அதிகம், அதற்கே அவ்வளவு கொக்கரிப்பு. போட்ட ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி, பெட்டை, சேவல் எழுதி, கூர்முனை கீழே இருக்கும்படி மணல் கூடையில் அடுக்குவார். மருமகள் வந்த புதிதில் விவரம் தெரியாமல் அதில் நான்கை எடுத்து ஆம்லெட் போட்டுவிட்டார். குப்பையில் ஓட்டைப் பொறுக்கி வைத்து எழுத்துக்கூட்டிப் படித்த அண்ணன் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. பிள்ளைகளுக்குச் சத்துணவாக வாரம் ஒரு அட்டை நாமக்கல் முட்டை இப்போதும் கடையிலிருந்துதான் வருகிறது.

அடை வைப்பது ஒரு வைபவம். கூடையில் மணல், மணலில் ஒற்றைப்படையில் முட்டை, பக்கத்தில் இரும்புத் துண்டு, கரித்துண்டு, காய்ந்த மிளகாய். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகாமல் இருக்க இவை. அதே சமயம் ஏழாம் நாள் இருட்டறையில் செல்போன் டார்ச்சை முட்டைக்குப் பின்னால் பிடித்து, கரு ஓடியிருக்கிறதா என்றும் பார்ப்பார். மிளகாய்க்கும் டார்ச்சுக்கும் அவர் மனசில் சண்டையே கிடையாது. இருபத்தொரு நாளும் வீட்டில் டி.வி. சத்தம் குறையும். பேரனுக்கு அரையாண்டுத் தேர்வு வந்தபோது குறையவில்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வெள்ளைக்கழிச்சல் வந்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் கூண்டைக் காலி செய்துவிட்டுப் போகும் என்பதை அறிந்து நடக்கிற ஆள் எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. கால்நடைத் துறையின் இருவாரத் தடுப்பூசி முகாம் வருகிற அன்று, அக்குளில் இரண்டு, கூடையில் பத்து, பின்னால் பேரன் கையில் ஒன்று, பேத்தி கையில் ஒன்று என்று ஊர்வலமாகப் போய் வரிசையில் முதல் ஆளாக நிற்பார். மற்றவர்கள் "நாட்டுக்கோழிக்கு எதுக்கு ஊசி" என்று வீட்டில் இருந்துவிட்டு, சித்திரையில் வந்து அழுவார்கள். பேத்தியின் தடுப்பூசி அட்டை எங்கே என்று கேட்டால் அத்தாச்சியைக் கை காட்டுவார். கோழிகளின் நோட்டு அவர் சட்டைப் பையில்.

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது அண்ணன் வீட்டில் நடந்தது தனிக் கதை. கோழிக்கொட்டகைத் தகரம் பறந்துவிட்டது. கோழிகளை வீட்டுக்குள் கொண்டுவந்தாக வேண்டும். பெட்டைகள் பிரச்சினை இல்லை. சேவல் ஒவ்வொன்றுக்கும் தனி அறை வேண்டும், இல்லாவிட்டால் வெளியே அடிப்பதைவிடப் பெரிய புயல் உள்ளே அடிக்கும். காகம் அடுப்படியில், வல்லூறு குளியலறையில், மயில் சாமி அறையில், செவலை பீரோ இருந்த அறையில். குடும்பம் நடையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. சாமி அறைச் சேவல், மாரியம்மன் படக் கண்ணாடியில் எதிரியைக் கண்டுவிட்டது. மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. அத்தாச்சி அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது புயலைக் குறிப்பிடவே மாட்டார்.

அந்த விடிகாலையில்தான் நனைந்த நாய் ஒன்று நடைக்குள் வந்து பாயோரம் படுத்தது. காது ஒன்று நிமிர்ந்து, ஒன்று மடங்கி, எந்த ஜாதியிலும் சேராத நாய். அண்ணன் ராஜபாளையம் குட்டிக்கு முன்பணம் கொடுத்து வைத்திருந்த நேரம் அது. அதனால் இதை நாயாகவே அவர் மதிக்கவில்லை. ராஜபாளையமும் வந்தது. வெள்ளை வெளேரென்று, இளஞ்சிவப்பு மூக்கோடு, பார்க்க ராஜாதான். வந்த வாரத்திலேயே தன் வம்சப் பெருமைக்கேற்ப அண்ணனின் வம்சப் பெட்டை ஒன்றை வேட்டையாடிக் காலடியில் கொண்டுவந்து போட்டது. அது இப்போது அண்ணனின் மைத்துனர் வீட்டில் மாந்தோப்புக் காவல். மரநாயும் கீரிப்பிள்ளையும் வரும் இரவுகளில் கொட்டகையைச் சுற்றி வருவது புயலில் வந்த மணிதான். குஞ்சுகள் மணியின் முதுகில் ஏறி வெயில் காயும். அடைக்கோழியிடம் ஒருமுறை வாங்கியதிலிருந்து பூனையும் அந்தப் பக்கம் சுவர் மேலேயே நடக்கிறது.

இந்தப் பித்து நம் ஊர்ப் பித்து மட்டும் இல்லை. 1835இல் இங்கிலாந்தில் சேவல் சண்டைக்குத் தடை வந்தபின் அங்கே கோழிக் கண்காட்சிகள் தலையெடுத்தன. விக்டோரியா மகாராணிக்கு ஆசியாவிலிருந்து பெரிய உருவக் கோழிகள் வந்து சேர, சீமான்கள் முதல் குமாஸ்தாக்கள் வரை கோழிக்குச் சொத்தெழுதாத குறையாகத் திரிந்தார்கள். அமெரிக்காவிலும் அதே கதை. ஜார்ஜ் பர்ன்ஹாம் என்பவர் அந்தக் கோழிக் காய்ச்சலைக் கிண்டல் செய்து 1855இல் ஒரு புத்தகமே போட்டார். கோழி விற்று நன்றாகச் சம்பாதித்து முடித்த பிறகு போட்டார் என்பதுதான் அதில் அழகு. நம் ஊரிலும் ஈமு வந்து 2012இல் கவிழ்ந்தது; ஜாபுவா கடக்நாத்துக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் கருங்கோழி, கருங்கோழி என்று ஊரே கறுத்தது. "ஈமு பின்னாடி போனவன் நான் இல்ல" என்று அண்ணன் பெருமையாகச் சொல்வார். "போகல. அட்வான்ஸ் மட்டும் குடுத்தீங்க" என்று உள்ளிருந்து பதில் வரும்.

இனி, வீட்டுக்குள் வந்த வெள்ளைக்காரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நார்த்தாமலை பங்குனித் திருவிழாவில் பேரன் ஐஸுக்குக் கொடுத்த காசில் ரோஸ் கலர் சாயம் ஏற்றிய கோழிக்குஞ்சு ஒன்றை வாங்கி, டவுசர் பையில் கொண்டுவந்தான். முட்டைக் கோழிப் பண்ணைக்கு ஆண் குஞ்சால் பயன் இல்லை. அப்படிக் கழித்ததுதான் சாயம் பூசித் திருவிழாவுக்கு வருகிறது. ராத்திரியில் அடைக்கோழியின் வயிற்றடியில் வேறு குஞ்சைச் சேர்த்துவிட்டால் விடிந்ததும் தன் பிள்ளையாகவே ஏற்றுக்கொள்ளும் என்பது அவனுக்குத் தெரியும். தாத்தா செய்யப் பார்த்திருக்கிறான். காலையில் பஞ்சாரத்தைத் தூக்கிய அண்ணன் போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. காகத்தின் ஏழு குஞ்சுகளுக்கு நடுவே ரோஸ் கலரில் ஒன்று தாயின் இறக்கைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. எடுத்தெறியக் கை நீட்டினார். தாய்க்கோழி கொத்தியது. "பேரு வச்சாச்சு ஐயா, பிங்கி" என்றாள் பேத்தி. வழக்கு முடிந்தது.

பிங்கிக்குச் சாயம் போய், வெள்ளை இறகு வந்து, சிவந்த பூ பெரிதாக ஒரு பக்கம் சரிந்து, ஆவணிக்குள் கட்டிளஞ்சேவலாகிவிட்டது. அண்ணன் அதற்குத் தனி வேலி போட்டார். கனத்த பெருவிடைக்கு வேலி போதும். ஒன்றரைக் கிலோ பிங்கிக்கு வேலி ஒரு பொருட்டில்லை. ஐப்பசியில் குஞ்சு பொரித்தது. காகத்துக்கும் காகப் பெட்டைக்கும் பிறக்க வேண்டியவை இறகு வைக்க வைக்க வெள்ளையாகின, அங்கங்கே மை தெளித்தது போலக் கறுப்புப் பொட்டு. தங்கச்சி மகளுக்குப் போன் போனது. "லெகார்ன் மாமா அது. அந்த வெள்ளை எந்த நிறத்தோட சேர்ந்தாலும் மேல ஏறி நிக்கும். சேவலைப் பிரிச்சாலும் ரெண்டு மூணு வாரத்துக்குப் பெட்டை வயித்துல வழி இருக்கும், முட்டை எடுத்து வைக்காதீங்க" என்றவள், போகிற போக்கில், "நீங்க நினைக்கிற மாதிரி அது கலப்புல வந்தது இல்ல. இத்தாலி வம்சம். சுத்த வம்சம்" என்றும் சொல்லிவைத்தாள்.

தை மாதம் பொன்னமராவதிக்காரர் பெட்டை வாங்க வந்தார். கீரியைப் பார்த்தார், செவலையைப் பார்த்தார், வெள்ளை விடை ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார்.

"அண்ணே, வெள்ளையில கறுப்புப் பொட்டு... இது எந்த வழி? அய்யலூர் சந்தையிலகூடப் பார்த்ததில்லையே."

"அது விலைக்கு இல்லப்பா" என்றார் அண்ணன், வெட்கத்தில்.

வந்தவர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. "ஐயாயிரம் தர்றேண்ணே."

"வேண்டாம்ப்பா. சொன்னாக் கேளு."

"ஏழு."

திண்ணையில் பணியாரம் தின்றுகொண்டிருந்த பேரன், "அது பிங்கியோட மக, நார்த்தாமலையில..." என்று வாயைத் திறந்தான். அத்தாச்சி அடுத்த பணியாரத்தை முழுசாக அந்த வாய்க்குள் வைத்தார்.

அண்ணனுக்குப் பொய் வராது. தலையைச் சொறிந்தார். கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டார். "இதுல கலப்பு இருக்குப்பா. தாய் நம்ம காகப் பெட்டை. தகப்பன் இத்தாலி."

"இம்போர்ட்டாண்ணே?" என்று பொன்னமராவதிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். "ஜோடியாக் குடுங்க. பதினஞ்சு."