சந்தனத்துக்குக் காவல், சர்ஜனுக்கு யோகா

இந்திய மருத்துவக் கல்வியில் அறம் பிறந்த ஆண்டு 2019. நம்பாதவர்கள் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்க்கலாம். அந்த ஆண்டு சேர்ந்த மாணவர்களிலிருந்து மனப்பான்மை, அறம், நோயாளியோடு பேசும் முறை மூன்றையும் ஒன்றாகக் கட்டி ஒரு பாடம் வைத்தார்கள். மாணவர்கள் ‘ஏட்காம்’ என்பார்கள். அதற்கு வகுப்பு உண்டு, கலந்துரையாடல் உண்டு, பதிவேடு உண்டு, தேர்வில் கேள்வியும் உண்டு. பொய் சொல்லாதே, தவறு நடந்தால் மறைக்காதே, நோயாளியை மனிதராகப் பார், உன் உடம்பையும் மனசையும் கவனித்துக்கொள். நல்ல பாடம், குறை சொல்ல ஒன்றுமில்லை. சங்கடம் ஒன்றே ஒன்றுதான். அதே கட்டடத்துக்குள் இதற்கு நேர் எதிரான இன்னொரு பாடம் இரவு பகலாக நடந்துகொண்டிருக்கிறது. அதற்குப் புத்தகம் கிடையாது, பதிவேடு கிடையாது. ஆனால் ஒருவர்கூட அதில் தோற்பதில்லை.

காந்தலூரில் பூண்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பவனுக்கு டாக்டர் படிப்பைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். அஞ்சுநாட்டுக்காரனுக்குத்தான் முதலில் கேட்க உரிமை இருக்கிறது. மறையூர், காந்தலூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி என்ற இந்த ஐந்து ஊர்களிலும் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், மாவட்டத் தலைநகரான பைனாவுக்கு மூணாறும் அடிமாலியும் தாண்டிப் போவதைவிட, சின்னாறு சோதனைச்சாவடி வழியாக உடுமலைக்கு இறங்குவதே புத்தி. ஓட்டுச் சீட்டு கேரளத்தில், ஓ.பி. சீட்டு தமிழ்நாட்டில். மலைக்குடிகளில் இருக்கும் முதுவர் பழங்குடியினருக்கு அதுவும் அடுத்த கட்டம்தான். முதலில் கம்பில் போர்வை கட்டி ஆளைத் தூக்கிக்கொண்டு ஜீப் நிற்கும் இடம்வரை நடக்க வேண்டும். இத்தனை தூரம் கடந்து போய்ச் சேரும்போது மேசைக்கு அந்தப்பக்கம் இருக்கிற டாக்டர் எந்தப் பாடத்தில் தேறியவர் என்பது எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

பைனாவில் இருக்கும் இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரியின் கதையே போதுமான பாடம். 2014-இல் விழா எடுத்துத் திறந்தார்கள். இரண்டு ஆண்டு மாணவர்களைச் சேர்த்தார்கள். 2016-இல் இந்திய மருத்துவக் கவுன்சில், வசதிகள் போதாது என்று கையை விரித்தது. சேர்ந்திருந்த பிள்ளைகளை மூட்டை முடிச்சோடு வேறு கல்லூரிகளுக்கு அனுப்பினார்கள். மறுபடி 100 இடங்களுக்கு அனுமதி வந்தது 2022-இல். மருத்துவ மாணவனுக்கு வகுப்பில் 75 சதவீதம், செய்முறையில் 80 சதவீதம் வருகை இல்லையென்றால் தேர்வெழுத முடியாது. இங்கே கல்லூரியே ஆறு வருடம் வகுப்புக்கு வரவில்லை. எந்த அமைச்சரையும் யாரும் தேர்விலிருந்து நிறுத்தி வைக்கவில்லை.

இது இல்லாமையின் கதை. இருப்பதாகக் காட்டுகிற கதை இன்னும் சுவையானது. 2025 ஜூன் கடைசியில் சி.பி.ஐ. பதிந்த வழக்கை எடுத்துக்கொள்வோம். சுகாதார அமைச்சகத்து அதிகாரிகள், ஆய்வுக்குப் போகும் டாக்டர்கள், தனியார் கல்லூரி நிர்வாகிகள், இடைத்தரகர்கள் என 30-க்கும் மேற்பட்டோர் அதில் உண்டு. ஆய்வுக்கு எந்த நாளில் யார் வருகிறார்கள் என்பது முன்கூட்டியே விற்கப்பட்டது, வேலையில் இல்லாத பேராசிரியர்கள் வேலையில் இருந்தார்கள், நோயில்லாதவர்கள் நோயாளியாகப் படுத்தார்கள், வருகைப்பதிவுக்குப் போலிக் கைரேகை தயாரானது என்பவை சி.பி.ஐ. சொல்லும் குற்றச்சாட்டுகள். நீதிமன்றம் என்ன சொல்லும் என்பது பிறகு. ஆனால் ஆய்வு நாளன்று கல்லூரியில் நடக்கும் கூத்து மாணவர்களுக்குப் புதிதல்ல. காலையில் ‘நோயாளியிடம் உண்மையை எப்படிச் சொல்வது’ என்று வகுப்பு. மதியம் வாடகை நோயாளிக்குப் பக்கத்தில் வாடகைப் பேராசிரியர். விரலை நம்பிப் பயனில்லை என்றோ என்னவோ, 2025 மே முதல் ஆசிரியர்கள் முகத்தைக் காட்டித்தான் வருகை பதிய வேண்டும் என்றது தேசிய மருத்துவ ஆணையம். முகத்துக்கும் ஒரு வழி கண்டுபிடிக்கும் அளவுக்கு நம்மவர்களுக்குத் திறமை இருக்கிறது, கவலை வேண்டாம்.

அடுத்தது உடல்நலம். 1992-இல் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. பயிற்சி டாக்டர்கள் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் போதும் என்றது அது. அந்த ஆணை எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டால் 36 மணி நேர டியூட்டியில் இருக்கும் முதுநிலை மாணவருக்குத் தெரியாது. தேடிப் பார்க்க அவருக்கு நேரமில்லை. 2023-இல் ஆணையம் புது விதி எழுதியது. அதில் எண்ணே கிடையாது, ‘நியாயமான வேலை நேரம்’ என்று இருந்தது. யாருக்கு நியாயம் என்பதைத் துறைத் தலைவரே பார்த்துக்கொள்வார். பிறகு 2024-இல் மாணவர்களின் மனநலத்துக்கென்றே ஆணையம் அமைத்த தேசியப் பணிக்குழு நன்றாக யோசித்து ஓர் எண்ணைப் பரிந்துரைத்தது. வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாமாம்! 32 வருடம் ஆராய்ந்து, 48-ஐ 74 ஆக்கியதற்குப் பெயர் மனநலம். எங்கள் தோட்டங்களில் கூலிக்கு வருகிற தாத்தா பாட்டிகூட இந்தக் கணக்கைக் கேட்டால் மண்வெட்டியைக் கீழே போட்டுவிடுவார்கள்.

அந்தப் பணிக்குழுவைக் கேலி செய்து ஒதுக்கிவிடவும் முடியாது. அவர்கள் திரட்டிய பதில்கள் அப்படி. பதிலளித்த முதுநிலை மாணவர்களில் 31.2 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்திருக்கிறது. இளநிலையில் 16.2 சதவீதம். அதற்கு முன்பே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டதற்கு ஆணையம் ஒரு பட்டியல் கொடுத்தது. ஐந்தாண்டுகளில் 122 மருத்துவ மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். 64 பேர் எம்.பி.பி.எஸ்., 58 பேர் முதுநிலை. படிப்பைப் பாதியில் விட்டவர்கள் 1,270 பேர். அதில் 1,117 பேர் முதுநிலை. எத்தனை வருடம் முட்டி மோதிக் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு ஓடுகிறார்கள் என்றால் உள்ளே என்ன எரிகிறது?

எங்களுக்குப் பக்கத்தில் மறையூர் சந்தனக் காடு. மரங்களைக் கணக்கெடுத்து, வேலி போட்டு, இரவும் பகலும் காவலர் வைத்திருக்கிறார்கள். ஒரு மரம் குறைந்தால் வனத்துறை ஊரையே புரட்டிவிடும். மருத்துவ மாணவர் ஒருவர் குறைந்தால், யாராவது பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டால்தான் கணக்கே வெளியே வருகிறது. அடுத்த பிறவியில் மருத்துவ மாணவனாகப் பிறக்க நினைப்பவர்கள் சந்தன மரமாகப் பிறப்பது நல்லது. அதற்கு வாசனை உண்டு, விலை உண்டு, காவல் உண்டு.

மாணவருக்கு என்ன உண்டு? யோகா உண்டு. 2022-இல் ஆணையம் அனுப்பிய சுற்றறிக்கையின்படி ஜூன் 12 தொடங்கிப் பத்து நாள் யோகா, 21-ஆம் தேதி நிறைவு. யோகாவின் மேல் எங்களுக்குப் பகை எதுவும் இல்லை. ஆனால் முந்தின நாள் காலையிலிருந்து வார்டில் நிற்கும் ஒருவரிடம் போய் மூச்சை ஆழமாக இழுத்து விடு என்று சொல்வதற்குத் தனி மனத்திடம் வேண்டும். அவருக்கு வேண்டியது படுக்கை. 2023 மே 10 விடியற்காலையில் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் டாக்டர் வந்தனா தாஸ் என்ற ஹவுஸ் சர்ஜன், போலீஸ் கொண்டுவந்த ஆளின் கையாலேயே குத்துப்பட்டு இறந்தார். அவருக்குக் குறைந்தது எந்த ஆசனம்? அவர் இறந்த பிறகு கேரள அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் வருவதற்கு முன்னால் ஓர் உயிர் போக வேண்டும் என்பது இந்த நாட்டில் எழுதப்படாத முன்பணம்.

ராகிங்கும் அப்படித்தான். 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன். நாவரசு கொல்லப்பட்டதால் தமிழ்நாட்டுக்கு 1997-இல் சட்டம் வந்தது. கேரளத்துக்கு 1998-இல் வந்தது. அந்தச் சட்டத்துக்கு 27 வயதானபோது, 2025 பிப்ரவரியில், கோட்டயம் அரசு நர்சிங் கல்லூரி விடுதியில் முதலாண்டு மாணவர்களை மாதக்கணக்கில் சித்திரவதை செய்ததாக ஐந்து மூன்றாமாண்டு மாணவர்கள் கைதானார்கள். காம்பஸ் முனையால் குத்தியதும், உடம்பின் மேல் டம்பெல் வைத்ததும் வீடியோவாக வெளியே வந்தன. நாளைக்கு ஊசி போடப் போகிற கைகள். அடுத்த அறையில், அடுத்த மாடியில், பக்கத்து அலுவலகத்தில் இருந்த பெரியவர்கள் காதில் எதுவும் விழவில்லை. ராகிங் எதிர்ப்புக் குழுவின் பெயர்ப்பலகை மட்டும் எல்லாக் கல்லூரியிலும் நல்ல பெயின்டில் இருக்கும்.

இத்தனைக்கும் நடுவே ஒருவர் ‘ஏட்காம்’ பாடத்தை உண்மையென்று நம்பி நடந்துகொண்டால் என்ன ஆகும்? அதற்கும் பதில் இருக்கிறது. 2025 ஜூனில் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் சிறுநீரியல் (யூராலஜி) துறைத் தலைவர் டாக்டர் ஹாரிஸ் சிறக்கல், கருவி இல்லாமல் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போகின்றன, ஏழை நோயாளிகள் காத்துக் கிடக்கிறார்கள் என்று முகநூலில் எழுதினார். சில நாட்களிலேயே கருவி வந்தது, தள்ளிப்போன அறுவைகள் நடந்தன. ஆக, அவர் சொன்னது உண்மை. சொன்னதால் நோயாளிக்கு நன்மை. அறப் பாடத்தில் முழு மதிப்பெண். அரசு அவருக்குக் கொடுத்த சான்றிதழ், பணி நடத்தை விதிகளை மீறியதற்கு விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ். அன்றைக்கு அந்தக் கல்லூரி மாணவர்கள் கற்றுக்கொண்டது எந்த வகுப்பிலும் கிடைக்காது.

அரசுகள் அறத்தில் மெத்தனம் என்றும் சொல்லிவிட முடியாது. வேகம் காட்ட வேண்டிய இடத்தில் காட்டுவார்கள். 2022 ஏப்ரல் 30 அன்று மதுரை மருத்துவக் கல்லூரியில் புது மாணவர்கள் ஹிப்போக்ரடிஸ் உறுதிமொழிக்குப் பதில் சரகர் உறுதிமொழியைப் படித்துவிட்டார்கள். உடனே டீன் காத்திருப்போர் பட்டியலுக்குப் போனார். சில நாளில் திரும்பவும் வந்தார். எந்தக் காகிதத்தைப் படித்தார்கள் என்பதில் டெல்லிக்கும் சென்னைக்கும் இருந்த அக்கறையில் ஒரு துளி, படித்ததைக் கடைப்பிடிக்க அந்தப் பிள்ளைகளுக்கு நேரமும் தூக்கமும் இருக்கிறதா என்பதில் இருந்திருக்கலாம். ஆணையமாவது உறுதிமொழியைக் காப்பாற்றியதா? 2023 ஆகஸ்டில் டாக்டர்களின் நடத்தைக்குப் புது விதிகள் வெளியிட்டது. மருந்துக் கம்பெனி செலவில் நடக்கும் மாநாட்டுக்குப் போகக்கூடாது, மருந்தை மூலப்பெயரில் எழுத வேண்டும் என்றெல்லாம் இருந்தது. டாக்டர் சங்கமும் மருந்துக் கம்பெனிகளும் முகம் சுளித்ததும், அதே மாதத்துக்குள் விதிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. மாணவன் அறத்தில் தேறாவிட்டால் மறுதேர்வு. அறமே தேறாவிட்டால் நிறுத்திவைப்பு.

இந்தப் பட்டறையில் ஐந்தரை வருடம் அடிபட்டு வருகிறவர்தான் எங்கள் பகுதிக்கு வருகிற டாக்டர். தூங்காமல் படித்தவர், கெஞ்சி விடுப்பு வாங்கியவர், பொய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் பழகியவர், உண்மை சொன்ன ஆசிரியருக்கு நோட்டீஸ் வந்ததைப் பார்த்தவர். இத்தனைக்குப் பிறகும் குடியிலிருந்து வரும் கிழவியின் கையைப் பிடித்து, ‘எத்தன நாளா வலிக்குது பாட்டி?’ என்று கேட்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கல்லூரியால் வந்தவர்கள் அல்ல. கல்லூரியிலிருந்து தப்பி வந்தவர்கள்.

ஆகவே அறப் பாடத்தை நிறுத்த வேண்டாம். வகுப்பை மட்டும் மாற்றுங்கள். முதல் வரிசையில் ஆணையத்து உறுப்பினர்கள் உட்காரட்டும், இரண்டாவதில் ஆய்வுக்குப் போகிறவர்கள், மூன்றாவதில் சுகாதார அமைச்சர்களும் கல்லூரி முதலாளிகளும். வீட்டுப்பாடம் சுலபம். 1992 ஆணையை அலமாரியிலிருந்து எடுத்து அமல்படுத்துவது. ஒவ்வொரு கல்லூரியிலும் எத்தனை மாணவர்கள் இறந்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள் என்பதை யாரும் மனுப் போடாமலே ஆண்டுதோறும் வெளியிடுவது. குறை சொன்ன டாக்டருக்கு நோட்டீஸ் போகும் முன்னால் குறைக்குக் காரணமானவருக்கு அனுப்புவது. 75 சதவீத வருகை கட்டாயம். போலி விரல் செல்லாது.

அதுவரை மாணவர்களைக் கண்ணை மூடி உட்காரச் சொல்லாதீர்கள். கண்ணை மூடிக்கொள்வதில் உங்களுக்கு இருக்கிற பயிற்சி அவர்களுக்கு இன்னும் வரவில்லை.