ஏசியை அணைக்கவும்

அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்துக்கு ஜூலையில் போகிறவர்கள் இரண்டு வகை. அங்கே வெயில் எப்படி இருக்கும் என்று தெரியாமல் போகிறவர்கள் ஒரு வகை. தெரிந்தே, அந்த வெயிலோடு நின்று படம் எடுத்துக்கொள்ளப் போகிறவர்கள் இன்னொரு வகை. சியாட்டிலிலிருந்து கிளம்பிய அந்தத் தம்பதியில் வகைக்கு ஒருவர் இருந்தார். "இந்தக் கோடைக்குக் கலிஃபோர்னியா" என்று மட்டும்தான் கணவர் வீட்டில் சொல்லியிருந்தார். மனைவி நீச்சலுடையும் கடற்கரைத் தொப்பியும் எடுத்து வைத்தார். டெத் வேலியும் கலிஃபோர்னியாவில்தான் இருக்கிறது என்பதால், பிற்பாடு நடந்த விசாரணையில் கணவர் பொய் சொன்னதாகக் குற்றம் நிற்கவில்லை.

உண்மை வெளியே வந்தது பேக்கரில். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து லாஸ் வேகாஸ் போகிற நெடுஞ்சாலையில், மொஹாவி பாலைவனத்தின் நடுவே இருக்கும் சிற்றூர் அது. அங்கே 134 அடி உயரத்துக்கு ஒரு வெப்பமானி நிற்கிறது. 1913 ஜூலை 10 அன்று டெத் வேலியில் பதிவான 134 டிகிரி பாரன்ஹீட்டின் நினைவாக, டிகிரிக்கு ஓர் அடி. செல்சியஸில் அது 56.7. உலக வானிலை அமைப்பின் ஏட்டில் பூமியின் உச்ச வெப்பமாக இன்றும் இருப்பது அந்த எண்தான்; அதை நம்பாத வானிலை ஆய்வாளர்களும் உண்டு. வெப்பமானியை 1991-ல் கட்டியவர் வில்லிஸ் ஹெரன் என்ற உள்ளூர்த் தொழிலதிபர். காற்றில் ஒருமுறை முறிந்து விழுந்ததை மறுபடி நிமிர்த்தினார். அவர் காலத்துக்குப் பின் விளக்கு அணைந்து கிடந்தது. 2014-ல் அவர் குடும்பத்தார் கைக்காசு போட்டு மீண்டும் எரியவிட்டார்கள்.

"சூட்டை அளக்க ஒரு மனுஷன் கோபுரம் கட்டியிருக்கிறார், குடும்பமே அதைக் காப்பாற்றியிருக்கிறது" என்று கணவர் உருகினார். மனைவி கோபுரத்தில் எரிந்த எண்ணைப் பார்த்தார். மடியில் இருந்த கடற்கரைத் தொப்பியைப் பார்த்தார். அங்கிருந்து டெத் வேலி வரை காருக்குள் ஏசிச் சத்தம் மட்டும்தான்.

டெத் வேலியில் ஃபர்னஸ் க்ரீக் என்ற இடத்தில் தேசியப் பூங்காவின் பார்வையாளர் மையம் இருக்கிறது. அதன் வாசலில் ஒரு டிஜிட்டல் வெப்பமானி. கோடையில் அதன் முன்னால் படம் எடுக்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். ரோமக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறவர்களும் உண்டு. அன்று அது காட்டியது 119. கணவரின் முகம் வாடிவிட்டது. இத்தனை தூரம் வந்து 119-ஓடு திரும்புவதா? 120 வரும்வரை நிற்பது என்று முடிவு செய்தார். மனைவி உள்ளே போய்க் குளிர்ந்த கூடத்தில் இருந்த அறிவிப்புகளை ஒன்று விடாமல் படித்துவிட்டு வந்து, ஒரு செய்தி சொன்னார். சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு, அதனால் 120-க்கு மேல் போனால் மருத்துவ ஹெலிகாப்டர்கள் பொதுவாக இங்கே பறக்க முடியாது. "மயங்கி விழுவதாக இருந்தால் இப்போதே விழுந்துவிடலாம். ஒரு டிகிரி தாண்டினால் தூக்க ஆள் வராது."

படம் 119-லேயே எடுக்கப்பட்டது.

அடுத்து முட்டை. தரையில் முட்டை பொரித்துப் பார்க்க வேண்டும் என்பது கணவரின் நெடுநாள் ஆசை. இந்த ஆசை அவருக்கு மட்டும் உரியதல்ல. 2013-ல் பூங்கா ஊழியர் ஒருவர், மூடி போட்ட வாணலியில் வெயிலிலேயே முட்டை பொரிப்பதைப் படம் பிடித்துக் காட்டினார். பார்த்தவர்கள் வாணலியை மறந்துவிட்டார்கள். முட்டையை மட்டும் நினைவு வைத்துக்கொண்டார்கள். வாகன நிறுத்தத்தின் தார்த்தரையிலேயே உடைத்து ஊற்றி, ஓடுகளையும் அட்டைப்பெட்டிகளையும் விட்டுவிட்டுப் போனார்கள். வெந்தும் வேகாத அந்தப் பிசுக்கைச் சுரண்டி மாளாமல், தயவுசெய்து தரையில் வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் கேட்டுக்கொண்டது. அரசாங்கம் தன் குடிமக்களுக்கு விடுத்த வேண்டுகோள்களில் இது கொஞ்சம் தனி ரகம்.

கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே இருக்கும் பேட்வாட்டர் உப்புவெளியில் அவர்கள் நின்ற நேரம் சொற்பம். பின்னால் இருக்கும் பாறைச்சுவரில், தலைக்கு மேலே வெகு உயரத்தில், "கடல்மட்டம்" என்று ஒரு பலகை தொங்குகிறது. இங்கிருந்து விட்னி மலையடிவாரம் வரை 135 மைல் ஓட்டப்பந்தயம் ஒன்று வைக்கிறார்கள். அதையும் ஜூலையில்தான் வைக்கிறார்கள்.

பள்ளத்தாக்கை விட்டு மேலேறும் மலைச்சாலையில்தான் அந்தப் பலகை வந்தது. என்ஜின் கொதிக்காமல் இருக்க அடுத்த பல மைல்களுக்கு ஏசியை அணைக்கவும். ஓரத்தில் ரேடியேட்டருக்கு ஊற்றத் தண்ணீர்த் தொட்டியும் இருந்தது. கணவர் வாழ்க்கையில் எந்தப் பலகையையும் மீறாதவர். கை தானாக ஏசியை நோக்கிப் போனது. பலகை பழைய கார்களை நினைத்து வைத்தது என்றார் மனைவி. என்ஜின் சூடு காட்டும் முள் நடுவில்தானே நிற்கிறது என்றும் காட்டினார். சட்டம் சட்டம்தான் என்றார் கணவர். ஏசி அணைந்தது. முள் நகரவில்லை. மனைவி நகர்ந்தார், ஜன்னல் பக்கமாக. கண்ணாடியை இறக்கியதும் உள்ளே வந்த காற்று, அணைத்த ஏசியை உடனே போடச் சொன்னது.

அன்றிரவு விடுதியில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்தது. கோடையில் அந்தப் பக்கம் அது வழக்கம்தான். குழாய் ஓடும் மண்ணே சுட்டுக்கிடக்கிறது. வரவேற்பறையில் புகார் சொல்லப் போன கணவருக்கு வாளி நிறைய ஐஸ் கிடைத்தது.

அடுத்து அரிசோனா. வழியில், நெவாடாவையும் அரிசோனாவையும் கொலராடோ ஆற்றின் மேல் இணைக்கும் ஹூவர் அணையில் இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. ஒன்று நெவாடா நேரம், மற்றது அரிசோனா நேரம். கோடையில் இரண்டும் ஒரே நேரத்தைத்தான் காட்டும். கோடை வந்தால் நெவாடா தன் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கும், அரிசோனா தள்ளாது. 1967-ல் அரிசோனாவும் ஒரு வருஷம் தள்ளிப் பார்த்தது. சூரியன் எப்போது இறங்கும் என்று தவம் கிடக்கிற ஊரில் மாலை வெயிலை இன்னும் ஒரு மணி நேரம் யார் கேட்டது? மறுவருஷமே கைவிட்டார்கள்.

இதோடு நின்றிருந்தால் சரி. நவஹோ பழங்குடியினரின் நாடு அரிசோனா, யூட்டா, நியூ மெக்சிகோ என மூன்று மாநிலங்களில் பரந்து கிடப்பதால், கோடையில் கடிகாரத்தைத் தள்ளுகிறது. அந்த நவஹோ நாட்டால் சூழப்பட்ட ஹோபி பழங்குடியினர் தள்ளுவதில்லை. டூபா சிட்டி நவஹோ நேரம். அதை ஒட்டியே இருக்கும் மோயன்கோபி ஹோபி நேரம். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் தூரம் போனால் சாப்பிடப் போன நேரத்துக்கே வந்து சேரலாம். ஆன்டிலோப் கேன்யன் இருப்பது நவஹோ நிலத்தில், ஆனால் சுற்றுலாக்கள் ஓடுவது அரிசோனா நேரத்தில். இதற்குமேல் கேட்கக் கூடாது.

கலிஃபோர்னியாவில் எடுத்த காரின் கடிகாரத்தைக் கணவர் நம்பினார். மனைவியின் செல்போன் எந்தக் கோபுரம் கிடைத்ததோ அதன் நேரத்தைக் காட்டியது. மான்யுமென்ட் வேலியில் நாலு மணி ஜீப் சுற்றுலாவுக்கு, காரின் கணக்கில் கால் மணி முன்னதாகவே போய்ச் சேர்ந்தார்கள். ஜீப் புறப்பட்டு முக்கால் மணி ஆகியிருந்தது. நவஹோ வழிகாட்டி கோபப்படவில்லை; இது அவருக்குப் பழகிய முகபாவம். அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டார்.

நான்கு மாநிலங்கள் ஒரு புள்ளியில் சந்திக்கும் இடத்தில், மாநிலத்துக்கு ஒன்றாகக் கைகால்களை ஊன்றிப் படம் எடுத்துக்கொள்வது மரபு. ஜூலை வெயிலில் காய்ந்த கல்லில் கணவர் உள்ளங்கைகளை வைத்தார். அரிசோனாவையும் யூட்டாவையும் மிக வேகமாகக் காலி செய்தார்.

பாலைவனத்தில் மழை வராது என்பதும் தப்பு. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய அரிசோனாவுக்குப் பருவமழைக் காலம். எங்கோ மலையில் பெய்தால் போதும், இங்கே வெயிலடிக்கும்போதே வறண்ட ஓடையில் செம்மண் வெள்ளம் புரளும். டூசான் போகும் வழியில் ஒரு மதியம் அப்படித்தான் சாலை மறைந்தது. குறுக்கே தடுப்பு வைத்திருந்தார்கள். பலகைகளை மீறாத கணவருக்கு, தடுப்புக்கும் பாறைக்கும் நடுவே ஒரு கார் போகிற இடைவெளி கண்ணில் பட்டது. முழங்கால் ஆழம்தான் இருக்கும் என்று மதிப்பிட்டார்.

மனைவி செல்போனிலிருந்து வாசித்தார். தடுப்பைச் சுற்றிக்கொண்டு வெள்ளத்தில் காரை இறக்கி மாட்டிக்கொண்டால், மீட்கிற செலவை ஓட்டியவரிடமே வசூலிக்க 1995-லிருந்து அரிசோனாவில் சட்டம் இருக்கிறது. 2,000 டாலர் வரை கேட்கலாம். ஊர்க்காரர்கள் அதை முட்டாள் ஓட்டுநர் சட்டம் என்கிறார்கள்.

கணவர் தண்ணீரைப் பார்த்தபடி கேட்டார்: "காருக்கா, ஆளுக்கா?"

"ஓட்டுநருக்கு" என்றார் மனைவி, சாவியைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டே.