கொசுறியல்: கிரெடிட் கார்டுப் புள்ளிகள் குறித்த ஒரு விருதுநகர் வட்டார ஆய்வு

கொசுறு என்பது கேட்டு வாங்குவது. கேட்காமல் கொடுத்தால் அது இனாம். கேட்டும் கொடுக்காவிட்டால் அடுத்த கடை. இந்த மூன்று நிலைகளையும் பிரித்தறியாமலே எந்தக் கார்டுக்கு எத்தனை புள்ளி என்று அட்டவணை போடும் அறிஞர்கள் நாட்டில் பெருகிவிட்டமையால் இவ்வாய்வு தேவையாயிற்று. களம்: விருதுநகர் தொடங்கி ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசி. காலம்: ஒரு தீபாவளி முதல் மறு தீபாவளி வரை. தரவு தந்தோர்: மளிகைக் கடையிலிருந்து ஓய்வுபெற்ற என் மாமா, அவரை மறுத்துரைத்த அத்தை, பேருந்து நிலைய டீக்கடை பெஞ்சு.

முதற்கண் சொல்லாய்வு. 'கேஷ்பேக்' என்பது 'காசு பாக்கி' என்னும் தூய தமிழ்த் தொடரின் திரிபு என்பது பெஞ்சின் கிழக்கு முனையில் அமர்வாரின் துணிபு. சில்லறை இல்லாத ஒரு நாளில் கடைக்காரர் 'காசு பாக்கி' என்று சொல்ல, வெள்ளைக்காரன் அதைக் காதில் வாங்கிக்கொண்டு கப்பலேறிவிட்டானாம். இதில் பாதி உண்மை உண்டென்பதுதான் சங்கடம். நம் 'காசு' போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து, 'கேஷ்' என்ற சிறுநாணயப் பெயராக ஆங்கிலத்துக்குப் போனது மெய். சென்னைக் கம்பெனிக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆனால் ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' பணப்பெட்டியைச் சுட்டும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. 'பாக்கி'யோ அரபு. இதை நான் எடுத்துரைத்தபோது, அரபுக்கும் அது இங்கிருந்து போனதுதான் என்று கிழக்கு முனையிலிருந்து பதில் வந்தது. இத்தகைய ஆய்வுக்கு முனைவர் பட்டமே கிடைக்கும் நாட்டில், ஒரு டீக்கு மேல் எதையும் எதிர்பாராத அவரை நான் மதிக்கிறேன்.

இனி வகைப்பாடு. பெட்ரோல் கார்டு பெட்ரோல் போடுவோர்க்கு உரியது.

பயணக் கார்டு வைத்திருந்தால் விமான நிலைய ஓய்வறையில் இலவசமாகச் சாப்பிடலாம். மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. மதுரைக்குப் பஸ் பிடித்து, விமானத்துக்கு டிக்கெட் எடுத்து, சோதனைக்காகப் பெல்ட்டைக் கழற்றி, அதன்பின் இலவசமாகச் சாப்பிட வேண்டும். இதற்காக விருதுநகர் எண்ணெய் பரோட்டாவைத் துறக்க வேண்டுமா என்று மாமா கேட்டார் (மாமா, நேர்ப்பேச்சு).

எஞ்சுவது புள்ளிக் கார்டு. ஒரு கார்டில் நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி, புள்ளிக்குக் கால் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லட்ச ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் 250 ரூபாய் கொசுறு. ஆண்டுக் கட்டணம் 499 என்றால் 18 சதவீத வரியும் சேர்த்து 588 ரூபாய் 82 காசு. அதாவது கறிவேப்பிலைக் கொத்தைக் கொசுறாகக் கொடுத்துவிட்டு, அதை வைத்துத் தந்த கூடைக்கு வாடகை வாங்குகிறார்கள். பாக்கியை அடுத்த மாதத்துக்குத் தள்ளினால் மாதம் மூன்றரை சதவீதம் வரை வட்டி. இதையே நம் பக்கத்தில் 'மூணரை வட்டி' என்போம். நம்மூரில் ரெண்டு வட்டிக்கே ஆள் கிடைக்கும் என்றார் மாமா. அந்த ஆள் வாசலில் வந்து நின்றதும் நினைவிருக்கிறதா என்றார் அத்தை (மாமா, மேற்படி, மறுப்பு: அத்தை, அடுக்களையிலிருந்து, குக்கர் இரண்டாம் விசிலுக்கும் மூன்றாம் விசிலுக்கும் இடையில்).

கொசுறு யார் வீட்டுப் பணம் என்பதை ஒப்பீட்டு அறிஞர்கள் ஆராய்வதில்லை. கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரரிடம் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று பிடித்துக்கொள்கிறார்கள். அதிலிருந்தும், வட்டி கட்டி மாய்பவரிடமிருந்தும்தான் புள்ளி வருகிறது. விருதுநகர் விருதுபட்டியாக இருந்த காலத்து வியாபாரிகளுக்கும் இப்படிப் பிடித்தம் இருந்தது. சரக்குக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய அதன் பெயர் மகமை. அந்தப் பிடித்தத்திலும், வீட்டுக்கு ஒரு பிடி அரிசியிலும் வளர்ந்தது 1889இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலை. காமராஜர் படித்த பள்ளி அது. இன்றைய பிடித்தத்தில் என்ன கிடைக்கிறது என்று தேடினேன். புள்ளிக்குரிய பரிசுப் பட்டியலில் மூன்று அடுக்கு டிபன் கேரியர் இருக்கிறது (சிவகாசி நாள்காட்டி, ஐப்பசித் தாள், பின்பக்கம், பால் கணக்குக்குக் கீழே பென்சிலில் எழுதிய குறிப்பு, தாள் காராச்சேவு மடிக்கப் போய்விட்டதால், எண்ணெய் படியாத வலப்பாதி மட்டும் ஆதாரமாகக் கொள்ளப்பட்டது, இடப்பாதியைப் படித்ததாகச் சொல்லும் என் மைத்துனரின் பாடபேதம் ஏற்கத்தக்கதன்று).

இறுதியாக, கார்டு பெறும் தகுதி. இதை வரையறுப்பது 2000இல் பிறந்த சிபில் என்னும் கடன் தகவல் நிறுவனம். மதிப்பெண் 300 முதல் 900 வரை. நான் விண்ணப்பித்த வங்கியின் பெயர் ஆய்வு நெறி கருதி மறைக்கப்படுகிறது. கணினியைப் பார்த்த வங்கி ஊழியப் பெண், "சார், உங்களுக்கு மைனஸ் ஒன் காட்டுது" என்றார். நான் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கடன் வைத்ததில்லையே என்றேன். "அதான் சார் பிரச்சினை."

கடன் வாங்காதவனுக்குப் பூச்சியத்துக்கும் கீழே இடம். 1920களில் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போன அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இந்தக் கார்டு விண்ணப்பப் படிவத்தை நிரப்பியிருந்தால் சிவகாசி இன்றும் மானம் பார்த்த பூமியாகவே இருந்திருக்கும். கடன்பட்டவன் நெஞ்சம் எப்படிக் கலங்கும் என்று கம்பன் பாடியதாக ஒரு வரி எல்லோருக்கும் தெரியும். அது கம்பராமாயணத்தில் இல்லை என்று அறிஞர்கள் சொல்லிவிட்டார்கள். ஆயினும் பட்டிமன்ற மேடைகளில் அது தவறாமல் கிடைத்துவருகிறது. கடன்படாதவன் நெஞ்சம் கலங்குவதைப் பாட மட்டும் இன்னும் ஒருவரும் வரவில்லை.

வழி ஒன்று இருந்தது. 20,000 ரூபாயை வைப்புநிதியாகப் போட்டால், அதன் பேரில் அதற்குச் சற்றுக் குறைந்த வரம்புக்குக் கார்டு. என் பணத்தை நானே கடனாக வாங்கும் தகுதி இவ்வாறு எனக்குக் கிட்டியது. "மாப்ளே, இதுக்கு உண்டியலே போதுமே" என்றார் மாமா. அதற்குப் புள்ளி கிடைக்காது என்று விளக்கினேன்.

ஓராண்டில் 41,200 ரூபாய் செலவழித்து 412 புள்ளிகள் சேர்த்தேன். அவற்றின் மதிப்பு 103 ரூபாய். அதைப் பெறுவதற்கான கட்டணம் 99. வரியோடு 116 ரூபாய் 82 காசு. மாமாவுக்கு இது இன்னும் தெரியாது. வாசகர்களும் சொல்லிவிட வேண்டாம்.