மூணரைச் சூரப்புலி

ஒலகத்துல மனுசன் தன்னைக் கொறச்சுச் சொல்லி நீ கேட்டிருக்கியாலே? சம்பளத்தைக் கேட்டா ரெண்டு கூட்டித்தான் சொல்லுவான். மாமியார் வீட்டுல போட்ட நகையைக் கேட்டா பத்துப் பவுனைச் சேத்துச் சொல்லுவான். வயசை மட்டும் கொறப்பான், அது வேற வெவகாரம். ஆனா அமெரிக்காவுல சனிக்கிழமை லீக் டென்னிஸ் ஆடப் போறவன்கிட்ட, "தம்பி, நீரு எப்படி ஆடுவீரு?"ன்னு கேட்டுப் பாரு. கழுத்து ஒரு பக்கமாச் சாயும். "நானா? சும்மா 3.5 தான் தாத்தா. அதுலயும் முட்டுவலி வேற"ம்பான். அஞ்சு நிமிசம் கழிச்சு சர்வீஸ் போடுவான் பாரு, எதிர்த்தாப்ல நிக்கவன் பந்து எந்தப் பக்கம் போச்சுன்னு தேடிக்கிட்டு இருப்பான்.

உங்கப்பன் நியூஜெர்சியில இருக்கதால எனக்கு இதெல்லாம் பாக்கக் குடுத்து வச்சிருக்கு. வீட்டுக்குள்ளயே எம்புட்டு நேரந்தான் டிவியைப் பாத்துக்கிட்டுக் கெடக்க? பார்க்குல டென்னிஸ் கோர்ட்டு ஓரமா ஒரு பெஞ்சு கெடக்கு. அங்கன போயி உக்காந்தா பொழுது போறதே தெரியாது. நம்மூருப் பஞ்சாயத்துல நடக்க அம்புட்டும் அங்கன நடக்கு, இங்கிலீசுல.

வெவரம் தெரியாமப் பேசுதேன்னு நெனைக்காதே. கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் பேசுதேன். யு.எஸ்.டி.ஏ.ன்னு அங்க ஒரு டென்னிஸ் சங்கம். 1980-ல இருந்து லீக் நடத்துதாவ. ஆபீசு போறவன், கடை வச்சிருக்கவன், பேரன் பேத்தி எடுத்தவன்னு லட்சக்கணக்குல ஆடுதாவ. நல்ல காரியம்தான். ஒண்ணுந்தெரியாத பயலும் காலேஜுல ஆடுன பயலும் மோதக் கூடாதுல்லா? அதுக்காக ஆளுக்கொரு நம்பர். 1.0-ல தொடங்கி அரை அரையா ஏறி 7.0 வரைக்கும் போவுது. உச்சியில இருக்கவன் பந்து அடிச்சே சோறு திங்கவன். நம்ம பயலுவ கூட்டம் பூராவும் 3.0-லயும் 3.5-லயும் 4.0-லயும்தான் நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்கி.

3.5ன்னா என்னன்னு எழுதி வச்சிருக்காவலே, உங்கப்பன் வாசிச்சுக் காட்டுனான். நடுத்தர வேகத்துல வார பந்தை நெனச்ச பக்கம் அனுப்புவானாம், ஆனா ஆழம் பத்தாதாம், வகைவகையா அடிக்கத் தெரியாதாம். இது டென்னிசுக்கு எழுதுனதா, மாப்பிள்ளை பாக்கப் போயிட்டு வந்தவன் எழுதுனதான்னு எனக்கு ஒரே சந்தேகம். இந்த ஊர்ல யாருக்குலே இது பொருந்தாது?

சரி, இந்த நம்பரைப் புதுசா வாரவனுக்கு யாரு குடுக்கா? அங்கதான் இருக்கு கூத்து. அவனே குடுத்துக்கிடணும். கம்ப்யூட்டர் நாலு கேள்வி கேக்கும். பள்ளிக்கூடத்துல ஆடுனியா, காலேஜ் டீம்ல இருந்தியா, வயசு எத்தனைன்னு. பதிலைப் போட்டுட்டு நீயே ஒரு நம்பரைப் புடிச்சுக்கிட வேண்டியதுதான். தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு பெரியவங்க சொன்னாவ. இவன் முதுகு இவனுக்கு நல்லாத் தெரியும், காட்டத்தான் மாட்டேங்கான். காலேஜுல கப்பு வாங்குனவனுக்கெல்லாம் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் ஞாபகமறதி வந்துருது.

முன்னாடி ஒரு காலத்துல, ஆட்டத்தைக் கண்ணால பாத்து "நீ இத்தனை"ன்னு சொல்லுததுக்கு ஆள் வச்சிருந்தாவளாம். அப்புறம் அதை எடுத்துட்டாவ. எனக்கு அதைக் கேட்டதும் நம்ம மாட்டுவண்டிப் பந்தயந்தான் நெனப்புக்கு வந்துது. பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டுன்னு பிரிச்சு ஓட்டுவம்லா? அதுலயும் இந்தக் களவாணித்தனம் உண்டு. பூஞ்சிட்டுப் பந்தயத்துக்கு ஒருத்தன் நல்லா வளந்த காளையை ஓட்டிக்கிட்டு வருவான். "கன்னுதான் மாமா, தீவனம் கொஞ்சம் நல்லாப் போட்டேன்"ம்பான். கமிட்டியில இருக்க கெழடு ஒண்ணும் பேசாது. வாயைத் தொறந்து பல்லைப் பாக்கும். திமிலை ஒரு தடவு தடவும். "ஏ மாப்ளே, போன வருசம் பக்கத்தூர்ல நடுமாட்டுல ரெண்டாவதா வந்த மயிலை இதுதானே?"ன்னு மெதுவாக் கேக்கும். அம்புட்டுதான், வண்டியைத் திருப்பிருவான். கெழவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனா மாட்டைத் தெரியும். மாட்டுக்காரனையும் தெரியும். இங்க கம்ப்யூட்டருக்கு ரெண்டையுமே தெரியாதுல்லா? அதுக்குத் தெரிஞ்சது ஆட்டக்கணக்கு மட்டுந்தான்.

அந்தக் கணக்கு எப்படி ஓடுதுன்னு கேளு. வெளிய சொல்லுத நம்பர்தான் அரை அரையா இருக்கு. உள்ளுக்குள்ள நூத்துல ஒரு பங்கு வரைக்கும் நுணுக்கமா ஒரு நம்பரை வச்சிருக்காவ. அதை ஆடுதவன் கண்ணுல காட்டுதது இல்ல. 3.01-ல இருந்து 3.50 வரைக்கும் எல்லாருக்கும் 3.5ன்னுதான் பேரு. இப்ப யோசி. 3.02-ல தவழுதவனும் 3.49-ல நிக்கவனும் ஒரே நம்பரைச் சட்டையில குத்திக்கிட்டு மோதுதாவ. முன்னவன் அடி வாங்கிட்டு "ஏமாத்துதான்"ன்னு கத்துதான். அவன் ஏமாத்தலலே, அவன் நம்பரும் சரி, உன் நம்பரும் சரி. வேலிக்குள்ள எடம் அம்புட்டு அகலம். ஆனா 3.49-க்கும் 3.52-க்கும் நடுவுல மட்டும் ஒரு மதிலைக் கட்டி, அங்கிட்டு நிக்கவன் பெரிய ஆளு, இங்கிட்டு நிக்கவன் சின்ன ஆளுங்கான். கோட்டை எங்கன கிழிச்சாலும் கோட்டுக்குப் பக்கத்துல நிக்கவனுக்கு வயித்தெரிச்சல்தான். அதுக்குக் கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

இன்னொண்ணு கேளு. செயிச்சா நம்பர் ஏறும், தோத்தா எறங்கும்னுதானே நெனைக்கே? அது பச்சப்புள்ளைக் கணக்கு. உன் நம்பரையும் அவன் நம்பரையும் வச்சு, இவன் இத்தனைக்கு இத்தனைன்னு அடிக்கணும்னு கம்ப்யூட்டர் முன்னாடியே ஒரு கணக்குப் போட்டு வச்சிருக்கும். 6-1, 6-1ன்னு அடிக்க வேண்டியவனை நீ 7-5, 6-4ன்னு அடிச்சேன்னு வையி. கையைக் குலுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே வருவே, நம்பர் எறங்கிருக்கும். நியாயந்தான், நான் தப்புன்னு சொல்லல. ஆனா நியாயம்னு ஒண்ணு இருந்தா அதுல ஓட்டை எங்க இருக்குன்னு பாக்க ஒருத்தன் இருப்பான்லா? செட்டு கையில வந்துட்டுன்னு தெரிஞ்சதும் நாலு பந்தை வேணும்னே வலையில அடிக்கான். "அச்சச்சோ"ன்னு தலையில வேற கைய வச்சுக்கிடுதான். சினிமாவுல இருக்க வேண்டிய பய. செயிச்சதும் ஆச்சு, நம்பர் ஏறாமப் பாத்துக்கிட்டதும் ஆச்சு. இவனுக்கு சாண்ட்பேக்கர்னு பேரு வச்சிருக்காவ. சங்கத்துக்காரனும் சும்மா இல்ல. தானே நம்பர் போட்டுக்கிட்டு வந்தவன் கணக்குல அளவுக்கு மிஞ்சி மூணு தடவை மாட்டுனா, அந்தத் தரத்துல ஆடக்கூடாதுன்னு வெரட்டிருதான். அது தெரிஞ்சுதான் கெட்டிக்காரன் ரெண்டாவது தடவையோட அடக்கி வாசிக்கான்.

டபுள்ஸ்ல இன்னும் வேடிக்கை. ரெண்டு பேருக்கும் நடுவுல உள்ள வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் மாத்தாதாம். ஏறுனா சேந்து ஏறுவாவ, எறங்குனா சேந்து எறங்குவாவ. உன் கூட்டாளி ராத்திரி தூக்கமில்லாம வந்து, நெட்டுல நின்னு கொட்டாவி விட்டாலும் உனக்குத்தான் சேத்து இடி. இதை அநியாயம்னு சொன்னா நான் ஒத்துக்கிடுவேன். ஆனா இதைப் பத்தி ஒரு பய வாயத் தொறக்க மாட்டேங்கான். ஏன்னு தெரியுமா? எல்லாரும் தன்னை இழுத்து விட்டது கூட்டாளின்னுதான் நெனைக்கான். கூட்டாளியும் அதையேதான் நெனைக்கான்.

இம்புட்டு மெனக்கெட்டு எதுக்குலே எறங்கி நிக்கணும்? அதைக் கேளு மொதல்ல. உள்ளூர்ல செயிச்ச டீமு அடுத்த கட்டத்துக்குப் போவும். அமெரிக்காவை 17 பிரிவாப் பிரிச்சு வச்சிருக்காவ. அந்தப் பிரிவுலயும் செயிச்சா தேசியப் போட்டி. வேற ஊருக்கு விமானத்துல போயி, ஓட்டல்ல தங்கி, ஒரே சட்டையைத் தச்சுப் போட்டுக்கிட்டு ஆடலாம். போட்டோ எடுக்கலாம். 3.5-ல முதலாவதா வந்தாப் போகலாம், 4.0-ல கடைசியா வந்தா வீட்டுல சட்டி கழுவலாம். இதுல எதைப் புடிப்பான் மனுசன்? கப்பைக் கீழ்ப்படியில வச்சுட்டு, ஏன் ஒருத்தனும் மேல ஏறலன்னு கேட்டா எப்படி?

இதுல கேப்டன்னு ஒரு ஆளு இருக்கான் பாரு, அவந்தான் புரோக்கர். "நல்ல ஆட்டக்காரன் வேணும்"னு கேக்க மாட்டான். "நல்ல 3.5 வேணும்"பான். அதுக்கு என்ன அர்த்தம்? 4.0 ஆடுவான், ஆனா காயிதத்துல 3.5ன்னு இருக்கணும். புதுசா யாராவது கோர்ட்டுப் பக்கம் வந்து ரெண்டு பந்தை நறுக்குன்னு அடிச்சாப் போதும், கேப்டன் தண்ணி பாட்டிலோட ஓடியாருவான். "பிரதர், ரேட்டிங் போட்டாச்சா? போடலியா? நான் சொல்லித் தாரேன்"ம்பான். ஆம்பளையும் பொம்பளையும் சேந்து ஆடுததுல ரெண்டு நம்பரையும் கூட்டி 7.0, 8.0ன்னு வச்சிருக்காவ. 8.0-க்கு 4.5-ம் 3.5-ம் சேக்கணுமா, 4.0-ம் 4.0-ம் சேக்கணுமான்னு ராத்திரி பூரா உக்காந்து கூட்டிக் கழிக்கான். வீட்டுக் கடனுக்கு இம்புட்டுக் கணக்குப் போட்டிருந்தா இந்நேரம் அடைஞ்சிருக்கும்.

வருசக் கடைசியில, நவம்பர் டிசம்பர் வாக்குல புது நம்பர் வரும். அன்னைக்கு நீ வேடிக்கை பாக்கணும். ஏறுனவன் எழவு விழுந்த மாதிரி உக்காந்திருப்பான். மறுநாளே எறக்கச் சொல்லி மனுப் போடுவான். அதுக்கும் வழி வச்சிருக்காவ, ஒடம்புக்கு முடியாதவனுக்குத் தனி மனு வேற. ஆனா அதே பயலை ஒரு கல்யாண வீட்டுல வச்சுக் கேட்டுப் பாரு. "இப்ப நான் 4.0 அங்கிள்"னு நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொல்லுவான். மனுவைப் பத்தி மூச்சு விட மாட்டான். பந்திக்கு ஒரு நம்பர், பந்தயத்துக்கு ஒரு நம்பர்.

இந்தக் கணக்கு சரியில்லன்னு வேற கணக்கும் கொண்டாந்துட்டாவ. யு.டி.ஆர்.னு ஒண்ணு. அதுல 1-ல இருந்து 16.5 வரைக்கும். ஆம்பளை, பொம்பளை, சின்னப்பய, பெரியாளு எல்லாருக்கும் ஒரே ஏணி. உலகச் சங்கத்துக்காரன் இன்னொண்ணு வச்சிருக்கான், அது 40-ல தொடங்கி 1-க்கு எறங்குது. அதுல கொறஞ்சாத்தான் கெட்டிக்காரன். போச்சா, இப்ப ஒவ்வொருத்தனுக்கும் மூணு நம்பர். எது நல்லாருக்கோ அதைச் சொல்லிக்கிட வேண்டியது.

இந்த மாதிரிக் கணக்குக்கெல்லாம் மூத்த கணக்கு ஒண்ணு உண்டு. ஹங்கேரியில பொறந்து, அமெரிக்காவுல பௌதிகம் சொல்லிக் குடுத்த ஆர்பாட் எலோன்னு ஒரு வாத்தியாரு செஸ்காரங்களுக்குப் போட்ட கணக்கு. 1970-ல உலகச் செஸ் சங்கமே எடுத்துக்கிட்டு. அந்த மனுசன் பெரிய மனுசன்லே. காத்துல ஆடுத கயித்துல அளவுகோலைக் கட்டி, தண்ணியில மெதக்க தக்கையை அளக்குத கதைதான் இதுன்னு அவரே சொன்னவரு. கணக்குப் போட்டவருக்கே அம்புட்டு அடக்கம். அதை வாங்கி ஆடுதவன் மட்டும் 3.47-ன்னா உசுரை விடுதான்.

பெஞ்சுல உக்காந்து இம்புட்டையும் பாத்துட்டு எனக்கு ஒரே ஒரு கேள்விதான்லே. கம்ப்யூட்டர் ஒரு நாள் எல்லாத்தையும் சரியாக் கண்டுபுடிச்சுட்டுன்னு வையி. ஒரு களவும் இல்ல, ஒரு ஓட்டையும் இல்ல. ஒவ்வொருத்தனுக்கும் அவன் தரத்து ஆளாப் பாத்து நிறுத்துது. அப்போ என்ன ஆவும்? நீ ஆடுத ஆட்டத்துல பாதி தோப்பே. நல்லா யோசிச்சுப் பாரு, சமமான ஆளோட ஆடுனா அப்படித்தானே ஆவணும்? அப்போ நியாயம் வேணும் நியாயம் வேணும்னு கத்துத பயலுவள்ல எத்தனை பேருக்குப் பாதி தோக்கச் சம்மதம்? இவங்க கேக்கது நியாயமா, கப்பா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். இங்க கூடமும் கொஞ்சம் கோணல்தான், நான் இல்லேங்கல. ஆனா செயிச்ச அன்னைக்கு ஒருத்தனும் கூடத்தை அளந்து பாக்கலியே.

கோட்டுல விழுந்த பந்தை அம்பயர் இல்லாம அவனவனே பாத்துச் சொல்லுத ஆட்டம்லே இது. சந்தேகம் வந்தா எதிராளிக்குத்தான் சாதகமாச் சொல்லணும்னு அவங்க வழக்கம். அதை முக்காவாசிப் பேரு ஒழுங்காத்தான் சொல்லுதான், நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பந்து எங்க விழுந்துதுன்னு ஒரு அங்குலம் பிசகாமச் சொல்லுத பயலுக்கு, தான் எங்க நிக்கோம்னு மட்டும் சொல்ல வாய் வரமாட்டேங்கு.

சரி, அது கெடக்கட்டும். நீ இந்த சீசன்ல எத்தனை ஆட்டம் ஆடுனே? 12-ஆ? அதுல எத்தனை செயிச்சே? சும்மா சொல்லு, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.

10-ஆ?

ஏலே, அப்போ அந்த 10 பேரும் வீட்டுக்குப் போயி அவங்க தாத்தாகிட்ட உன்னைப் பத்தி என்னலே சொல்லியிருப்பாவ?