சம்மட்டி அடித்தால் மண் பேசுமா?

கேள்வி: எங்கள் ஊரில் கிடங்கு கட்ட வந்தவர்கள் துளையே போடவில்லை. சின்னச் சின்ன டப்பாக்களை வரிசையாக மண்ணில் குத்தினார்கள், இரும்புத் தகட்டைப் போட்டுச் சம்மட்டியால் அடித்தார்கள், போய்விட்டார்கள். இது மண் பரிசோதனையா, கண்துடைப்பா? (ஒரு வாசகர், குடிகாடு)

பதில்: பரிசோதனைதான். பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்காமல் வாங்குவீர்களா? அதையே கொஞ்சம் கணக்கோடு செய்கிறார்கள். அந்த டப்பாவுக்கு ஜியோபோன் என்று பெயர். வழக்கமாக 24 இருக்கும், ஒன்றிரண்டு மீட்டர் இடைவெளியில் நேர்கோட்டில் குத்துவார்கள். ஏழெட்டுக் கிலோ சம்மட்டி விழுந்ததும் அதிர்வு தரையோடு தரையாக ஓடும். எந்த டப்பாவை எப்போது தொட்டது என்று பதிவுப் பெட்டி குறித்துக்கொள்ளும். ஓரிரு விநாடியில் ஒரு பதிவு முடிந்துவிடும். அடித்தவருக்கு வியர்த்ததா என்பதைக் கவனித்தீர்களா? பல தடவை அடித்துப் பதிவுகளைக் கூட்டினால்தான் காற்றில் ஆடும் சவுக்குத் தோப்பின் சலசலப்பு அமுங்கும். ஒரே அடியோடு கிளம்பியிருந்தால் உங்கள் சந்தேகம் நியாயமே.

கேள்வி: தரைமேல் ஓடுகிற அலைக்கு அடியில் இருப்பது எப்படித் தெரியும்? (பொறியியல் மாணவி, அண்ணாமலைநகர்)

பதில்: மேலே மட்டும் ஓடுவதில்லை. தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையிலான ஆழத்து மண்ணையும் அசைத்துக்கொண்டு போகும். விநாடிக்கு 40 அதிர்வு, வேகம் 160 மீட்டர் என்றால் அலைநீளம் 4 மீட்டர். இரண்டு மீட்டருக்குக் கீழே நடப்பது அதற்குத் தெரியாது. 10 அதிர்வு, வேகம் 200 மீட்டர் என்றால் அலைநீளம் 20 மீட்டர். அது ஏழு முதல் பத்து மீட்டர் ஆழத்துச் சேதி கொண்டுவரும். அடிமண் கெட்டியாக இருந்தால் நீள அலை முந்தும், குட்டை அலை பிந்தும். அந்த வேக வித்தியாசத்தைக் கோடாக வரைந்து, மண் எப்படி அடுக்கியிருந்தால் இப்படிக் கோடு வரும் என்று கணினியைத் தேடச் சொல்வார்கள். வில்லங்கம் இங்கேதான்: ஒரே கோட்டுக்குப் பல அடுக்கமைப்புகள் பொருந்தும். தேர்வில் இதை எழுத மறக்காதீர்கள். அறிக்கையில் எழுத மறப்பவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: யாருடைய மூளை இது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், பரங்கிப்பேட்டை)

பதில்: 1885இல் ராலே பிரபு, இப்படி ஓர் அலை இருந்தே ஆக வேண்டும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொன்னார். வானம் ஏன் நீலம் என்று விளக்கிய அதே ராலேதான். எண்ணெய் தேடுகிறவர்கள் இந்த அலையை வெகுகாலம் தொல்லை என்றே வடிகட்டி எறிந்தார்கள். தரையைச் செங்குத்தாக அடித்தால் அலைகளாகப் பரவும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு இதில்தான் போகிறது என்று தெரிந்த பிறகும்! டப்பாக்களை வரிசையாக வைக்கும் இன்றைய முறையை அமெரிக்காவில் கான்சாஸ் நிலவியல் ஆய்வகத்தின் பார்க், மில்லர், சியா மூவரும் 1999இல் எழுதி வைத்தார்கள்.

கேள்வி: இதை வைத்து ஊற்று பார்க்கலாமா? (விவசாயி, புவனகிரி)

பதில்: முடியாது. இது அளப்பது மண்ணின் குறுக்கு விறைப்பை, அதாவது பக்கவாட்டில் தள்ளினால் அது காட்டும் எதிர்ப்பை. தண்ணீருக்கு அது கிடையாது. அதனால் மணலில் நீர் நின்றாலும் வேகம் பெரிதாக மாறாது. ஊற்றுக்கு மின்தடைச் சோதனை இருக்கிறது. உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நிற்பதை நம்புகிறவர்களோடு எனக்கு வழக்கில்லை. போர் செலவு அவர்களுடையது.

கேள்வி: நெய்வேலிக் கரியை இப்படியே தேடியிருக்கலாமே? (நெய்வேலி வாசகி)

பதில்: சம்மட்டிக்கு 30 மீட்டர் எட்டினாலே பெரிது, கரி அதற்கும் கீழே கிடக்கிறது. 1930களில் அதைக் காட்டிக்கொடுத்தது ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணறு.

கேள்வி: சிதம்பரம் கோயிலில் அடித்துப் பார்த்தால் ரகசியம் தெரியுமா? (குறும்புக்காரர், சிதம்பரம்)

பதில்: துளை போடக்கூடாத இடத்துக்கு ஏற்ற முறைதான். கோபுரத்தை ஒட்டிய மண் எவ்வளவு கெட்டி என்று தெரியும். ரகசியத்துக்குத் திரை விலகும்வரை காத்திருங்கள்.

கேள்வி: நம் பக்கம் பூகம்பமே வராதே, எதற்கு இந்தச் செலவு? (வியாபாரி, கடலூர் ஓ.டி.)

பதில்: 2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணி வாக்கில் எங்கே இருந்தீர்கள்? புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் 5.5 அளவில் நில அதிர்வு ஏற்பட்டது. சென்னை வரை உணரப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில் பூஜ் பூகம்பத்தில், இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. 1985 பூகம்பத்தில் மெக்சிகோ நகரம் பழைய ஏரிக் களிமண்மேல் உட்கார்ந்திருந்ததற்கு விலை கொடுத்தது. தூரம் மட்டும் காப்பாற்றாது, காலடி மண்ணையும் பார்க்க வேண்டும். மண்ணைப் பக்கவாட்டில் அசைத்தபடி போகும் குறுக்கலையின் வேகத்தையும் இந்தச் சோதனையிலிருந்து கணக்கிடலாம்; மேல் 30 மீட்டரில் அதன் சராசரி விநாடிக்கு 180 மீட்டருக்குக் குறைந்தால் அதை மென்மண் என்பது அமெரிக்க விதிகளில் நெடுநாள் வழக்கமாக இருந்தது. உப்பனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் கொண்டுவந்து கொட்டிய வண்டல்மேல் குடியிருக்கிற நாம் அந்த எண்ணைத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை. தளர்ந்த ஈரமணலாக இருந்தால் குலுக்கலில் கூழாகவும் கூடும். வேகம் 200, 215 மீட்டரைத் தாண்டினால் பெரும்பாலும் அந்தப் பயம் இல்லை. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தார் 58 இடங்களில் இப்படி அடித்து நகரத்துக்கே வரைபடம் போட்டார்கள். சென்னை மண்ணில் ஐ.ஐ.டி. பேராசிரியர் பூமிநாதன் குழுவினர் இந்த வேகத்தையும் துளைச் சோதனையின் அடி எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் அப்படியொரு வரைபடம் கேட்டால் பேராசை ஆகாது.

கேள்வி: சிப்காட் சாலையில் லாரி ஓயாது. அந்த இரைச்சலில் சம்மட்டிச் சத்தம் எடுபடுமா? (தொழிலாளி, குடிகாடு)

பதில்: இரைச்சலே கூலி வாங்காத சம்மட்டி. லாரியும் ரயிலும் தரும் மெதுவான அதிர்வு, மனிதன் அடிக்கும் அடியைவிட ஆழம் போகும். அடிக்காமல் சும்மா காத்திருந்து பதிவு செய்யும் முறைக்கு ஜப்பானியர் அகி 1957லேயே வழி சொல்லிவிட்டார்.

கேள்வி: 'சம்மட்டிச் சோதனையே போதும், துளை வேண்டாம், காசு மிச்சம்' என்கிறார் எங்கள் ஒப்பந்தக்காரர். (வீடு கட்டுபவர், குடிகாடு)

பதில்: மிச்சம் அவருக்கா, உங்களுக்கா? சம்மட்டி, மனையின் நீள அகலம் முழுக்க மண் எங்கே கெட்டி, எங்கே தளர்வு என்று சீக்கிரம் காட்டும்; மண்ணை எடுத்துக் கையில் தராது. அது களியா மணலா, உப்பு ஏறியதா என்று துளைதான் சொல்லும். 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, எத்தனை முறை அடித்தால் துளைக்குள் குழாய் 30 சென்டிமீட்டர் இறங்குகிறது என்று எண்ணும் பழைய சோதனைக்கு இன்னும் வேலை போகவில்லை. முதலில் சம்மட்டி, வேகம் எங்கே குறைகிறதோ அங்கே ஒரு துளை. இரண்டும் ஒத்துப்போகும்வரை அஸ்திவார வரைபடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.